ஈரப் பானை பொய் சொல்லும்

பொங்கலுக்கு முந்தின வாரம் அப்பாயியோடு சந்தைக்குப் போனால் பானைக் கடையிலேயே அரை நாள் போய்விடும். ஒரு பானையை எடுப்பார், இடது உள்ளங்கையில் ஏந்துவார், வலது கை விரல் முட்டியால் ஒரு சுண்டு சுண்டுவார். ‘ணங்’ என்றால் தனியே எடுத்து வைப்பார். ‘பொத்’ என்றால் பேசாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார். கண்ணுக்கு ஒரு கீறலும் தெரியாத பானையை எப்படி வேண்டாம் என்கிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒரு வருஷம் மழை பிந்திப் பெய்து, கடைப் பானையெல்லாம் நனைந்து கிடந்தது. நான் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, எல்லாமே கீறல் பானை என்று சத்தமாக அறிவித்தேன். அப்பாயி என் கையைப் பிடித்து நிறுத்தினார். “ஈரப் பானையத் தட்டாத சாமி, அது பொய் சொல்லும். காயட்டும்.”

இப்போது என் வேலை பாலங்களைத் தட்டிப் பார்ப்பது. கையால் தட்டுவதில்லை. ரயில் போகும்போதும் போன பிறகும் பாலம் எப்படி அதிர்கிறது என்று முடுக்கமானிகள் என்ற சின்ன அதிர்வு உணரிகளை ஒட்டி வைத்து அளக்கிறோம். அந்த அதிர்விலிருந்து உள்ளே பழுது உண்டா என்று கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. உலகம் முழுக்க நாற்பது, ஐம்பது வருஷமாக இதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நனைந்த பானைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

அப்பா ரயில்வேயில் கீமேன். அரியலூர்ப் பக்கம், தண்டவாளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. விடிகாலையில் சுத்தியலையும் கொடிகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினால், தன் எல்லைக்கு உட்பட்ட பாதை முழுவதையும் நடந்து முடித்துவிட்டுத்தான் திரும்புவார். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கிளிப் கழன்றிருந்தால் அடித்து ஏற்றுவார், போல்ட்டை முறுக்குவார். பார்க்கும் வேலை என்றுதான் ஊரில் நினைத்தார்கள். கூட நடந்து போனதால் எனக்குத் தெரியும், பாதி வேலை காதில் நடந்தது. இறுகிய கிளிப்பில் சுத்தியல் பட்டால் ஒரு சத்தம், தளர்ந்ததில் பட்டால் வேறு சத்தம். ஜல்லி சரியாக அடைந்திராத இடத்தில் வண்டி போகும்போது ஒரு ‘தொப்’ கேட்கும். மறுநாள் தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான சிலீப்பருக்கு அடியில் ஜல்லி இடிக்க கேங்மேன்கள் வந்துவிடுவார்கள்.

வீட்டில் அதிர்வுக்குக் குறைவே இல்லை. நள்ளிரவில் சிமெண்ட் கூட்ஸ் போனால் அலமாரித் தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசும். எங்கள் தெருவில் யார் வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்தாலும் பழி ரயில்மேல்தான். இந்தத் துறைக்கு வந்த பிறகு நான் முதலில் தேடிப் படித்ததே அதைத்தான். மனித உடம்பு அதிர்வை உணர்வதில் மகா நுட்பமானது. வினாடிக்கு 0.3 மில்லிமீட்டர் வேகத்தில் தரை ஆடினாலே வீட்டுக்குள் இருப்பவருக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். ஜெர்மனியின் கட்டட அதிர்வுத் தரம், சாதாரணக் குடியிருப்பின் அஸ்திவாரத்தில் தாழ்ந்த அதிர்வெண்களில் வினாடிக்கு 5 மில்லிமீட்டர் வரை சேதம் வராது என்கிறது. பழமையான, நொய்ந்த கட்டடங்களுக்கு 3. ஆக, நாம் பயப்படத் தொடங்குவதற்கும் சுவர் பயப்பட வேண்டியதற்கும் நடுவே குறைந்தது பத்து மடங்கு தூரம் இருக்கிறது. எங்கள் தெரு விரிசல்களுக்குக் கோடையில் சுருங்கி மழையில் உப்பும் கரிசல் மண்ணே பெரும்பாலும் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். அதற்காக ராத்திரி தூக்கம் கெடுவது பொய்யாகிவிடாது. சேதம் வேறு, தொல்லை வேறு. இரண்டுக்கும் தனித்தனியாகத் தீர்வு வேண்டும்.

ரயில் அதிர்வு என்கிற ஒரே சொல்லுக்குள் எத்தனையோ தாளங்கள் இருக்கின்றன. மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 20 மீட்டர். சிலீப்பர்கள் 60 சென்டிமீட்டருக்கு ஒன்று. ஒவ்வொரு சக்கரமும் வினாடிக்கு 33 சிலீப்பர்களைக் கடக்கிறது, அது ஒரு தாளம். பெட்டிகள் ஏறத்தாழ வினாடிக்கு ஒன்றாகக் கடக்கின்றன, அது மெதுவான இன்னொரு தாளம். அந்தக் காலத்துத் ‘தடக் தடக்’ தண்டவாளத் துண்டுகள் சேரும் இடத்தில் பிறந்தது. பற்றவைத்த நீள்தண்டவாளம் வந்ததும் அது போய்விட்டது, ஆனால் மற்றவை இருக்கின்றன. இதில் ஏதோ ஒன்று தரையின் சொந்தத் தாளத்தோடு ஒத்துப்போனால் சங்கடம்தான்.

தரையே எதிரியான கதையும் உண்டு. ஸ்வீடனில் கோத்தென்பர்க்குத் தெற்கே லெட்ஸ்கோர்ட் என்ற இடம். 1997-ல் அங்கே எக்ஸ்2000 அதிவேக ரயில்கள் மணிக்கு 200 கிலோமீட்டரில் ஓடத் தொடங்கியதும் தண்டவாளமும் கரையும் சென்டிமீட்டர் கணக்கில் மேலும் கீழும் ஆடின. அடியில் இருந்தது மிக மிருதுவான களிமண். அதன் மேற்பரப்பில் அலை ஓடும் வேகத்தை ரயிலின் வேகம் எட்டிப் பிடித்துவிட்டது. வேகமாகப் போகும் படகு தன் அலையைத் தானே முட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருப்போம், அதேதான் இங்கே மண்ணில் நடந்தது. ரயிலின் வேகத்தைக் குறைத்தார்கள். பிறகு சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த தூண்களை மண்ணுக்குள் இறக்கி அதை விறைப்பாக்கினார்கள்.

சரி, பாலத்துக்கு வருகிறேன்.

எந்தக் கட்டுமானத்துக்கும் தனக்கென்று சில இயல்பு அதிர்வெண்கள் உண்டு, அதாவது தட்டிவிட்டால் அது வினாடிக்கு இத்தனை தடவை என்று தானாக ஆடும் கணக்கு. விறைப்பு கூடினால் அவை கூடும், எடை கூடினால் குறையும். வீணைத் தந்தியை முறுக்கினால் சுருதி ஏறுவதும் கனத்த தந்தி கீழே பேசுவதும் இந்தக் கணக்குதான். விரிசல் விட்டாலோ, பாலம் உட்கார்ந்திருக்கும் தாங்கி தேய்ந்தாலோ, அடிமண் அரித்துப் போனாலோ விறைப்பு குறையும், சுருதி இறங்கும். அப்படியானால் சுருதியைக் கவனித்தாலே போதுமே? கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்தைத்தான் பின்பற்றுகிறது. மொத்த விறைப்பில் நூற்றுக்குப் பத்து போனால், அதிர்வெண்ணில் ஐந்துதான் குறையும். ஒரு மூலையில் ஒரே ஒரு விரிசல் என்றால் மொத்த விறைப்பே அரை சதவீதம்கூடக் குறையாமல் போகலாம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அடிமண் அரிப்பு என்பது வெறும் பாடப்புத்தக வார்த்தை இல்லை. 1956 நவம்பர் 23 விடிகாலையில், அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சிதைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸின் இன்ஜினும் பெட்டிகளும் ஆற்றுக்குள் விழுந்தன. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகியது இதற்குப் பிறகுதான். அப்பாயி அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் மட்டும், “இன்னிக்கு ஆத்துப் பாலத்துல யாரு காவலு?” என்று அப்பாவிடம் கேட்பார். மழைக்காலத்தில் பலவீனமான பாலங்களில் இரவு முழுக்க ஆள் நிறுத்துவது ரயில்வே வழக்கம். தூணில் அபாய மட்டத்துக்குக் கோடு போட்டிருக்கும். வெள்ளம் அதைத் தொட்டால் வண்டியை நிறுத்த வேண்டும். ஆனால் வெள்ளம் மேலே எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைத்தான் அந்தக் கோடு சொல்லும். கீழே தூணின் காலடியில் மண் இருக்கிறதா, போய்விட்டதா என்பது அதற்குத் தெரியாது.

ஜப்பானியர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். தூணின் தலைமாட்டில் ஏறத்தாழ 30 கிலோ எடையுள்ள ஒரு குண்டைக் கயிற்றில் தொங்கவிட்டு, ஊசலாட்டி மோத வைப்பார்கள். தூண் லேசாக அதிரும். அதன் இயல்பு அதிர்வெண்ணை அளந்து, அதே மாதிரித் தூணுக்கு இருக்க வேண்டிய மதிப்போடு ஒப்பிடுவார்கள். காலடி மண் போயிருந்தால் தூண் நெட்டையாகிவிட்டதைப் போலத்தான், சுருதி இறங்கும். இருக்க வேண்டியதில் 0.7 பங்குக்கும் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டிய தூண். அவ்வளவுதான். சிக்கலான கணிப்பொறி முறை எதுவும் இல்லை. பானையைச் சுண்டுவது போலவே தட்டுகிறார்கள், கேட்கிறார்கள். மண்ணரிப்பு ஒரு தூணின் விறைப்பையே பெரிதாகக் குறைத்துவிடுவதால் இங்கே இந்த முறை எடுபடுகிறது.

பாலத்தின் மேற்கட்டுமானத்தில் அது அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரும்பு உத்தரங்களாலான ஒரு கர்டர் பாலத்தில் அளக்கப் போயிருந்தேன். சித்திரை மாத மத்தியானம். பழைய பதிவோடு ஒப்பிட்டால் அதிர்வெண் இறங்கியிருந்தது. எனக்குக் கை நடுங்கியது. விரிசல் என்றே நம்பி, வேகக் கட்டுப்பாடு போட வேண்டும் என்று அறிக்கை கொடுத்தேன். போட்டார்கள். மறுநாள் விடிகாலையில் திரும்ப அளந்தபோது அதிர்வெண் பழைய இடத்திலேயே நின்றது. பழைய பதிவு மார்கழி காலையில் எடுத்தது என்பதை அப்புறம்தான் கவனித்தேன். வெயிலில் இரும்பு விரிந்து, தாங்கிகள் பிடிக்கும் விதம் மாறி, பாலமே வேறு பாலமாகப் பேசியிருக்கிறது. அப்பாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “நீ அதோட எத்தன நாளு இருந்த?” என்று மட்டும் கேட்டார். அரை நாள்.

இந்தப் பாடத்தை உலகத்துக்கே சொல்லிக் கொடுத்த பாலம் ஸ்விட்சர்லாந்தில் இருந்தது. பெயர் இசட்24. பெர்ன் மாநிலத்தில், கோப்பிகன், உட்சன்ஸ்டார்ஃப் என்ற இரண்டு ஊர்களை இணைத்து நெடுஞ்சாலைக்கு மேலே போன சாதாரணக் கான்கிரீட் பாலம். தூணுக்குத் தூண் உள்ள இடைவெளியைக் கண் என்பார்கள்; இதன் நடுக்கண் 30 மீட்டர், இரு பக்கமும் 14 மீட்டர். கட்டியது 1963-ல். பக்கத்தில் புதிய ரயில் பாதை வருகிறது, அதற்கு இன்னும் அகலமான பக்கக் கண் வேண்டும் என்பதால், நன்றாக இருந்த பாலத்தை 1998-ல் இடிக்க முடிவானது. இடிக்கப் போகும் ஆரோக்கியமான பாலம் ஆராய்ச்சியாளருக்குக் கிடைப்பது பெரிய கொடை. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகமும் எம்பா என்ற ஸ்விஸ் ஆராய்ச்சி நிறுவனமும் அதைச் சரியாகப் பயன்படுத்தின.

முதலில் ஏறத்தாழ ஒரு வருஷம் அவர்கள் பாலத்தை ஒன்றும் செய்யவில்லை. வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1997 நவம்பரிலிருந்து மணிக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் 11 நிமிடம் போல, 16 முடுக்கமானிகளில் அதிர்வைப் பதிந்தார்கள். கூடவே வெப்பநிலை, ஈரப்பதம், காற்று என்று கிடைத்ததையெல்லாம் பதிந்தார்கள். பிறகு 1998 ஆகஸ்ட், செப்டம்பரில் சேதம் செய்தார்கள். ஒரு தூணை வெட்டி, ஜாக்கி வைத்து, 20 மில்லிமீட்டர் இறக்கினார்கள், பிறகு 40, 80, 95. அஸ்திவாரத்தைச் சாய்த்தார்கள். கான்கிரீட்டைப் பெயர்த்தார்கள். கடைசியாக, கான்கிரீட்டை இழுத்துப் பிடித்திருக்கும் உள்கம்பிகளில் சிலவற்றைப் படிப்படியாக அறுத்தார்கள். ஒவ்வொரு படிக்கும் பாலம் எப்படி அதிர்கிறது என்று அளந்தார்கள்.

பார்ட் பீட்டர்ஸும் கிடோ டி ரூக்கும் 2001-ல் வெளியிட்ட கட்டுரையில் அந்த ஒரு வருஷத்து வரைபடங்கள் இருக்கின்றன. அதிர்வெண்ணை வெப்பநிலைக்கு எதிரே வரைந்தால், பூஜ்ஜியம் டிகிரிக்கு மேலே ஓரளவு சீரான சரிவு. பூஜ்ஜியத்துக்குக் கீழே போனதும் கோடு முறிந்து சட்டென்று மேலே ஏறுகிறது. பாலத்தின் மேலிருக்கும் தார் உறைந்து கல்லாகிவிடுகிறது. வெயில் காலத்தில் வெறும் சுமையாக இருக்கும் அந்தத் தார், உறைபனியில் பாலத்துக்கு இன்னொரு எலும்பாகி விறைப்பைக் கூட்டுகிறது. வருஷம் முழுக்க வானிலை மட்டுமே அதிர்வெண்களை நூற்றுக்குப் பத்துக்கும் மேலே ஆட்டி வைத்திருக்கிறது. தூணை 95 மில்லிமீட்டர் இறக்கிய சேதம் செய்த மாற்றம் அதைவிடச் சின்னது!

அந்த வரைபடத்தை முதல்தடவை பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பாலத்தின் காலை மூன்றரை அங்குலத்துக்கு மேல் இறக்கியிருக்கிறார்கள், அதன் குரலோ ஒரு குளிர்காலம் மாற்றிய அளவுக்கு மாறவில்லை. என் சித்திரை மத்தியானத்துத் தப்பு அங்கே முழுசாக விளங்கியது. ஒரே ஒரு வருஷம், எல்லாப் பருவத்திலும், ஆரோக்கியமாக இருந்தபோது கேட்டு வைத்திருந்ததால்தான் அவர்களால் வானிலையைக் கழித்துவிட்டு, மிச்சம் இருப்பது சேதம் என்று சொல்ல முடிந்தது. அந்த ஒரு வருஷம் இல்லாமல், கம்பிகளை அறுத்த பிறகு மட்டும் யாராவது வந்து அளந்திருந்தால் அவரிடம் எண்கள் இருந்திருக்கும், அர்த்தம் இருந்திருக்காது. அப்பாயி பானையைக் காய வைக்கச் சொன்னார். பாலத்தைக் காய வைக்க முடியாது. ஆனால் அது நனைந்திருக்கும்போது எப்படிப் பேசும், காய்ந்திருக்கும்போது எப்படிப் பேசும் என்று கேட்டுப் பழகிக்கொள்ள முடியும்.

இசட்24 சாலைப் பாலம். ரயில் பாலத்தில் இன்னொரு சிக்கல் சேருகிறது. ரயிலே கனமானது; பாலத்தின் மேல் நிற்கும் வரை பாலத்தின் எடையோடு அதன் எடையும் சேர்ந்து சுருதியை இறக்கிவிடும். வண்டி இறங்கிப் போன பிறகு பாலம் தனியே அதிர்ந்து அடங்குகிற அந்தச் சில வினாடிகளில்தான் பாலத்தின் சொந்தக் குரல் சுத்தமாகக் கேட்கும். லூவன் நகரில் கால்வாய்க்கு மேலே கேடபிள்யூ51 என்று 115 மீட்டர் நீள இரும்பு வில் பாலம் இருக்கிறது, பிரஸ்ஸல்ஸ் போகும் பாதையில். அதை 2018 அக்டோபரிலிருந்து 2020 ஜனவரி வரை கேட்டார்கள். நடுவில் 2019-ல், ஆய்வில் தெரியவந்த ஒரு கட்டுமானப் பிழையைச் சரிசெய்ய, இணைப்புகளைச் சுற்றி இரும்புப் பெட்டி பற்றவைத்துப் பலப்படுத்தினார்கள். பலப்படுத்துவதும் ஒரு மாற்றம்தானே, சேதத்துக்கு நேர் எதிர் மாற்றம். முன்பும் பின்பும் எடுத்த பதிவுகளை கிறிஸ்டோஃப் மேஸும் கீர்ட் லொம்பார்ட்டும் பொதுவில் வைத்துவிட்டார்கள். எந்த ஊர் மாணவரும் எடுத்து, தன் கணக்கு அந்தப் பழுதுபார்ப்பைக் கண்டுபிடிக்கிறதா என்று சோதித்துக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். இந்தத் துறையில் யாராவது என்னிடம் வழி கேட்டால் முதலில் அந்தப் பதிவுகளைத்தான் கையில் கொடுப்பேன்.

நம் ஊரில் இந்த வேலை பலருக்கும் தெரியவந்தது பாம்பனில். 1914 பிப்ரவரி 24-ல் திறந்த பழைய பாலம், கப்பலுக்கு வழிவிட நடுவில் திறக்கும், ஷெர்சர் என்ற வகைத் தூக்குப் பகுதியோடு. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் கர்டர்கள் பெரும்பாலும் கடலில் போக, தூக்குப் பகுதி மட்டும் தாக்குப்பிடித்தது. ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தை மீட்டார்கள். பிற்காலத்தில் சென்னை ஐஐடி குழு அந்தத் தூக்குப் பகுதியில் உணரிகளைப் பொருத்தியது. 2022 டிசம்பர் 23-ல் அவை எச்சரிக்கை காட்ட, ரயில்களை நிறுத்தினார்கள். புயலின் அதே நாள்கள். பழைய பாலத்தில் அதற்கப்புறம் பயணிகள் ரயில் ஓடவே இல்லை. புதிய பாலம் திறந்த 2025 ஏப்ரல் 6 வரை வண்டிகள் மண்டபத்தோடு நின்றன. ராமேஸ்வரம்காரர்களுக்கு அது பெரிய சிரமம். ஆனாலும் நூறு வருஷத்துக்கு மேல் உப்புக் காற்றைத் தின்ற இரும்பு தானே வாய்திறந்து சொன்னதைக் கேட்டு வண்டியை நிறுத்தினார்களே, அதை நான் மிகவும் மதிக்கிறேன். 1956-ல் மருதையாற்றுப் பாலத்துக்கு அப்படிச் சொல்ல வாய் இருக்கவில்லை.

என் ஆதங்கம் ஒன்றுதான். நாம் கிழடு தட்டிய பிறகே பாலங்களுக்குக் காது வைக்கிறோம். அதற்குள் அதன் இளவயதுக் குரல் யாருக்கும் நினைவில் இல்லை. பாம்பன் புதுப் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குக் கண் இன்று புத்தம் புதிது. அதன் முதல் சில வருஷங்களின் கோடையும் மழையும் புயலும் மணிக்கணக்காகப் பதிவாகி, நாளைய மாணவர் கையில் கிடைக்க வேண்டும். சின்னச் சின்ன ஆற்றுப் பாலங்களுக்கும் அப்படியே. ஆயிரம் உணரிகள் வேண்டியதில்லை. பாலத்துக்கு நான்கைந்து, ஒரு முழு வருஷம், பதிவு பத்திரமாக ஓரிடத்தில். கீமேன் தினமும் அதே பாதையில் நடப்பதால்தான் அவர் காதுக்கு மதிப்பு.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, டம்ளர் அலமாரிக்குக் கீழே சுவரில் ஒரு முடுக்கமானியை ஒட்டி, ராத்திரி முழுக்கப் பதியவிட்டேன். அப்பா ஓய்வுபெற்று ஆறு வருஷமாகிறது. காலையில் மடிக்கணினியில் வரைபடங்களைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். இது எக்ஸ்பிரஸ், இது காலி கூட்ஸ், இது லோடு. ஒரு வண்டியின் கோட்டில் விரலை வைத்தார். “ரெண்டேகால் மணிக்குப் போச்சே அதுதான இது? நடுவுல ஒரு வேகன்ல சக்கரம் தட்டையாயிருக்கு. படுத்திருந்தப்பவே கேட்டேன்.” நேரத்தைப் பார்த்தேன், 2.17. அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கினேன். மற்ற அதிர்வுகளுக்கு நடுவே, ஒரே இடைவெளியில் கூர்கூராகக் குத்துகள், வினாடிக்கு ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்கு மூன்று மீட்டருக்குச் சற்று மேலே உருளும். கணக்குப் போட்டால் வண்டி மணிக்கு 54 கிலோமீட்டரில் போயிருக்கிறது. அப்பாவிடம் வேகத்தைக் கேட்டேன். “அம்பத்தஞ்சு இருக்கும்” என்றார்.